இரண்டாவது டொமைன் கண்ட்ரோலர் வைக்கும் முன்: ஆக்டிவ் டைரக்டரி ரெப்ளிகேஷனைத் தெரியாமல் கெடுத்துவிடாமல் இருக்க ஒரு வழிகாட்டி

டொமைன் கண்ட்ரோலர் என்பது பயனாளர், கணினிக் கணக்குகள் அடங்கிய ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர். அவை மாற்றங்களை ஒன்றிடமிருந்து ஒன்று பிரதியெடுத்துக்கொள்வதே ரெப்ளிகேஷன். ஒரே டொமைன் கண்ட்ரோலரில் ஓடும் அலுவலகத்தில் தவறு நடந்தால் அந்த ஒரு இயந்திரத்தோடு போயிற்று. இரண்டாவதை வைத்த நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. ஒன்றில் நீங்கள் செய்யும் மாற்றம், ஒரே சைட்டுக்குள் (ஒரே இடத்து நெட்வொர்க்குக்குள்) இருந்தால், 15 விநாடியில் மற்றதற்குப் போகத் தொடங்கும். சரியான மாற்றமும் போகும், தவறான மாற்றமும் போகும். அதனால் "ரெண்டு சர்வர் இருக்கே, பேக்கப் எதற்கு" என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சர்வர் எரிந்து போனால் இரண்டாவது காப்பாற்றும். ஒரு ஓயு (கணக்குகளை வைக்கும் கோப்புறை போன்ற பிரிவு) முழுவதையும் யாரோ அழித்துவிட்டால், அந்த அழிப்பு இரண்டாவதற்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், ஒரே டொமைனில், இரண்டிலிருந்து பத்து டொமைன் கண்ட்ரோலர் வரை வைத்திருக்கும் அலுவலகங்களின் புது நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். டொமைன் கண்ட்ரோலரை இனி டிசி என்றே சொல்கிறேன். பிற்பாடு திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகளும் உண்டு, திருத்தவே முடியாதவையும் உண்டு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். திருத்த முடியாதவற்றில் மட்டுமாவது அவசரப்படாதீர்கள்.

1. கை வைக்கும் முன் ஒரு தாள்

இருப்பதை எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள். தாளில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு டிசியின் பெயர், ஐபி முகவரி, விண்டோஸ் பதிப்பு, எந்த சைட், குளோபல் கேட்டலாக் (டைரக்டரி முழுவதற்குமான தேடல் பட்டியல்) உண்டா இல்லையா, ஐந்து ஃபிஸ்மோ பொறுப்புகள் (ஒரே ஒரு டிசி மட்டும் ஏற்கும் சிறப்பு வேலைகள்) யாரிடம், கடைசி பேக்கப் தேதி, டிஎஸ்ஆர்எம் (டைரக்டரியை மீட்க டிசியைத் தொடக்கும் தனி நிலை) பாஸ்வேர்ட் எங்கே பத்திரமாக இருக்கிறது.

ஃபிஸ்மோ பொறுப்புகளை "நெட்டாம் கொயரி ஃபிஸ்மோ" கட்டளை ஒரே நொடியில் காட்டும். ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ரிட் மாஸ்டர், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் ஆகிய ஐந்தும் உயிரோடு இருக்கும் சர்வரின் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்போதோ கழற்றி எறிந்த சர்வரின் பெயரில் ஒரு பொறுப்பு தொங்கிக்கொண்டிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

தாளில் இன்னும் இரண்டு வரி கட்டாயம் வேண்டும்.

முதலாவது, டூம்ஸ்டோன் ஆயுள், அதாவது ஒரு பொருள் அழிந்தது என்ற அடையாளம் டைரக்டரியில் எத்தனை நாள் இருக்கும் என்பது. ஏடிஎஸ்ஐ எடிட்டைத் திறந்து, கான்ஃபிகரேஷன் பிரிவில் சர்வீசஸ், விண்டோஸ் என்டி, டைரக்டரி சர்வீஸ் என்று இறங்கினால் டூம்ஸ்டோன்லைஃப்டைம் என்ற பண்பு இருக்கும். 2003 எஸ்பி1-க்குப் பிறகு உருவான ஃபாரஸ்ட்டில் (டொமைன்களின் முழுத் தொகுப்பில்) பெரும்பாலும் 180 நாள். அங்கே "நாட் செட்" என்றிருந்தால் நடைமுறையில் 60 நாள். இந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

இரண்டாவது, சிஸ்வால் (குரூப் பாலிசி, லாகின் ஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் பகிர்வுக் கோப்புறை) எதன் மூலம் பிரதியாகிறது. "டிஎஃப்எஸ்ஆர்மிக் கெட்குளோபல்ஸ்டேட்" கட்டளை எலிமினேட்டட் என்று சொன்னால் நல்லது, புதிய டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு முழுதாக மாறிவிட்டது என்று பொருள். பழைய எஃப்ஆர்எஸ் முறையிலேயே இருந்தால், விண்டோஸ் சர்வர் 2019 அல்லது அதற்குப் பிந்தைய சர்வரை அந்த டொமைனில் டிசியாகச் சேர்க்கவே முடியாது. முதலில் டிஎஃப்எஸ்ஆருக்கு மாற வேண்டும். அந்த மாற்றம் ப்ரிப்பேர்ட், ரீடைரக்டட், எலிமினேட்டட் என்று மூன்று கட்டமாகப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா டிசியும் வந்து சேர்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே அடுத்தது. முதல் இரண்டு கட்டத்திலிருந்து பின்வாங்கலாம், எலிமினேட்டட் ஆனபின் முடியாது.

2. லைசென்ஸும் செலவும்

சிறிய அலுவலகத்து டிசிக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. செலவு பெரும்பாலும் லைசென்ஸில்தான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் கோர் கணக்கில், ஒரு இயந்திரத்துக்குக் குறைந்தது 16 கோர். இயந்திரத்தின் எல்லா கோருக்கும் லைசென்ஸ் போட்டிருந்தால் அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். பயனாளர்களுக்கான கேல் (சர்வரை அணுகும் உரிமம்) ஏற்கெனவே அதே பதிப்புக்கு வாங்கியிருந்தால், இரண்டாவது டிசிக்காகத் தனியாக வாங்க வேண்டியதில்லை. சர்வர் பதிப்பு புதிதாகி கேல் பழையதாக இருந்தால் மட்டும் வாங்க வேண்டும்.

பணம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பலர் விழும் குழி எவல்யுவேஷன் பதிப்பு. "இப்போதைக்குப் போடுவோம், லைசென்ஸ் வந்ததும் மாற்றிக்கொள்வோம்" என்று 180 நாள் சோதனைப் பதிப்பில் டிசி வைத்துவிடுகிறார்கள். சாதாரண சர்வராக இருந்தால் பிற்பாடு முழுப் பதிப்பாக மாற்றலாம். டிசியாக ஆக்கிய பிறகு அப்படியே மாற்ற முடியாது. இன்னொரு டிசி வைத்து, பொறுப்புகளை அங்கே மாற்றி, இதை டிசி நிலையிலிருந்து இறக்கி, அதன் பிறகுதான் மாற்ற வேண்டும். காலம் முடிந்தால் சர்வர் தானாகவே அணையத் தொடங்கும். லைசென்ஸ் கையில் இல்லாமல் டிசி வைக்காதீர்கள்.

இரண்டு டிசியையும் ஒரே ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் இயந்திரத்தில்), ஒரே ஸ்டோரேஜில் வைத்தால் செலவு செய்ததற்குப் பலனில்லை. ஒரு டிஸ்க் ஷெல்ஃப் போனால் இரண்டும் போகும்.

3. பேக்கப்: சிஸ்டம் ஸ்டேட்

விண்டோஸ் சர்வர் பேக்கப் வசதி இலவசமாகவே கூட வருகிறது. அதில் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டைரக்டரி, சிஸ்வால், ரெஜிஸ்ட்ரி அடங்கியது) எடுங்கள். இயல்பாக அது சிஸ்டம் இருக்கும் அதே வால்யூமில் எழுத மறுக்கும், எனவே தனி வால்யூம் ஒன்று ஒதுக்கி வையுங்கள். குறைந்தது இரண்டு டிசியில், தினமும்.

டூம்ஸ்டோன் ஆயுளைத் தாண்டிய பேக்கப்பால் பயன் இல்லை. எட்டு மாதப் பழைய பேக்கப்பைப் பத்திரமாக வைத்திருந்தும் உதவாது. கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்பதை "ரெப்அட்மின் ஷோபேக்கப்" கட்டளை டைரக்டரியிடமே கேட்டுச் சொல்லும். பேக்கப் மென்பொருள் பச்சை விளக்கு காட்டினாலும் இந்தக் கட்டளையைக் கேட்டுப் பாருங்கள்.

டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட் ஒவ்வொரு டிசிக்கும் தனி. மீட்க வேண்டிய இரவில்தான் அது யாருக்கும் தெரியவில்லை என்பது தெரியவரும். டிசி நன்றாக ஓடும்போதே என்டிடிஎஸ்யூடில் மூலம் புதிதாக வைத்து, எழுதி, பூட்டி வையுங்கள்.

கூடவே ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னையும் இயக்கிவிடுங்கள். ஃபாரஸ்ட் ஃபங்ஷனல் லெவல் 2008 ஆர்2 அல்லது மேல் இருக்க வேண்டும். ஒருமுறை இயக்கினால் அணைக்க முடியாது, ஆனால் இது வருத்தப்பட வேண்டிய மாற்றம் இல்லை. இயக்குவதற்கு முன்பே அழிக்கப்பட்டவற்றை அது மீட்டுத் தராது என்பதால், முதல் விபத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

4. கடிகாரம்

அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் இரண்டு டிசியும் ஒன்றையொன்று ஏற்காது, ரெப்ளிகேஷன் நிற்கும். பிடிசி எமுலேட்டர் மட்டும் வெளி என்டிபி சர்வரைப் பார்க்க வேண்டும். மற்ற டிசிகள் டொமைன் வரிசைப்படி அதைப் பின்பற்ற வேண்டும்.

விர்ச்சுவல் மெஷினில் டிசி ஓடினால், ஹோஸ்ட்டும் நேரத்தைத் திணிக்கும். "டபிள்யு32டிஎம் கொயரி சோர்ஸ்" என்று கேளுங்கள். பதிலில் விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் ப்ரொவைடர் என்று வந்தால், அந்த மெஷினின் அமைப்பில் ஹோஸ்ட் நேர ஒத்திசைவை நிறுத்துங்கள். ஹோஸ்ட்டே அதே டொமைனில் உறுப்பினராக இருந்துவிட்டால் நிலைமை மோசம்: ஹோஸ்ட் டிசியைப் பார்க்கும், டிசி ஹோஸ்ட்டைப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து நழுவும்.

கடிகாரம் சில நிமிடம் பிசகினால் திருத்திக்கொள்ளலாம். மாதக்கணக்கில் முன்னோக்கிக் குதித்தால் கதை வேறு. டூம்ஸ்டோன் ஆயுள் கடந்துவிட்டது என்று நம்பி அந்த டிசி அழிந்த பொருள்களின் அடையாளங்களைத் துடைக்கத் தொடங்கும், பிற டிசிகளோடு பேசவும் மறுக்கும்.

5. டிஎன்எஸ்: பாதிச் சிக்கல் இங்கேதான்

ஒரு டிசி இன்னொன்றைத் தேடுவது சர்வர் பெயரால் இல்லை. ஒவ்வொரு டிசிக்கும் ஒரு நீண்ட ஜியுஐடி (தனி அடையாள எண்) உண்டு. அந்த ஜியுஐடி பெயரில் எம்எஸ்டிசிஎஸ் மண்டலத்தில் ஒரு சிநேம் (மாற்றுப்பெயர்) பதிவு இருக்கும். அது இல்லை என்றால், பிங் அழகாகப் போனாலும் ரெப்ளிகேஷன் போகாது. அப்போது வரும் பிழை எண் 8524.

செய்ய வேண்டியது:

- புது சர்வரின் நெட்வொர்க் கார்டில் முதல் டிஎன்எஸ் ஆகப் பழைய டிசியின் முகவரி. டிசி ஆனபின் முதலாவது இன்னொரு டிசி, அடுத்தது தன் சொந்த முகவரி.
- டிசியின் நெட்வொர்க் கார்டில் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் முகவரியை இரண்டாவதாகக்கூடப் போடாதீர்கள். முதலாவது ஒரு நொடி தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதிடம் போய்விடும். உங்கள் உள் டொமைனைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் சொல்லும். பொது முகவரிக்கு இடம் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியல்.
- பேக்கப் நெட்வொர்க்குக்கென்று இரண்டாவது கார்டு இருந்தால், அதில் இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்-இல் பதிவு செய் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் டிசியின் பெயருக்கு இரண்டு முகவரி பதிவாகும், கிளையண்டுகளில் சிலது எட்டாத முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கண்டுபிடிக்க மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இது. முடிந்தவரை டிசிக்கு ஒரே கார்டு போதும்.

6. சைட், சப்நெட், சைட் லிங்க்

கிளை அலுவலகத்தில் டிசி வைப்பதானால், டிசி வைக்கும் முன்பே ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் அந்த சைட்டை உருவாக்கி, கிளையின் சப்நெட்டை அதோடு இணையுங்கள். சப்நெட்டை மறந்தால் கிளைக் கணினிகள் தங்களுக்கு எந்த சைட் என்று தெரியாமல் தலைமை அலுவலக டிசியிடம் போய் லாகின் ஆகும். டிசியில் 5807 என்ற நிகழ்வு பதிவாகும். நெட்லாகான் (லாகின் சேவை) லாகில் நோ கிளையண்ட் சைட் என்ற வரியோடு எந்த ஐபி முகவரிகள் என்ற பட்டியலும் இருக்கும்.

இரண்டு சைட்டை இணைக்கும் சைட் லிங்க்கில் ரெப்ளிகேஷனின் இயல்பு இடைவெளி 180 நிமிடம். அதாவது கிளையில் ஒரு கணக்கை உருவாக்கினால் தலைமை அலுவலகத்துக்குத் தெரிய மூன்று மணி நேரம் வரை ஆகலாம். புதியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்து, அதே கணக்கை இங்கேயும் உருவாக்கிவிடுவார்கள். ரெப்ளிகேஷன் வந்து சேர்ந்ததும் இரண்டில் ஒன்றின் பெயர் சிஎன்எஃப் என்ற எழுத்துகளும் ஜியுஐடியும் ஒட்டி மாறியிருக்கும். இன்றைய இணைய வேகத்துக்கு 180-ஐ 15 நிமிடமாக்குங்கள். அதுதான் அனுமதிக்கப்படும் குறைந்தபட்சம்.

இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள். ஒன்று, கனெக்ஷன் பொருள்களைக் கையால் உருவாக்குவது. கேசிசி என்னும் உள் நிரல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, யார் யாரிடம் பேச வேண்டும் என்று தானே முடிவு செய்கிறது. நீங்கள் கையால் போட்டதை அது மாற்றாது, அந்த சர்வர் போனாலும் உங்கள் பொருள் அப்படியே நிற்கும். இன்னொன்று, ப்ரிஃபர்ட் பிரிட்ஜ்ஹெட் (மற்ற சைட்டுகளோடு ரெப்ளிகேஷன் செய்யும் சர்வர்) என்று ஒரே சர்வரைக் குறிப்பது. அது விழுந்தால் வேறொன்றை கேசிசி தானாக எடுத்துக்கொள்ளாது, அந்த சைட் தனித்துப் போகும்.

ஃபயர்வாலில் டிசிகளுக்கு இடையே திறக்க வேண்டியவை: டிசிபி 53, 88, 135, 389, 445, 464, 636, 3268, 3269, யுடிபி 53, 88, 123, 389, 464, அத்துடன் டிசிபி 49152 முதல் 65535 வரை. கடைசி வரம்பை விட்டுவிட்டால் 135 திறந்திருந்தும் 1722 என்ற பிழை வரும்.

7. ப்ரமோட் செய்யும்போது (சர்வரை டிசி ஆக்கும்போது)

சர்வரின் பெயரையும் நிலையான ஐபியையும் முதலில் இறுதி செய்துவிடுங்கள். டிசி ஆனபின் பெயரை மாற்றுவது முடியாத காரியமில்லை, வேண்டாத வேலை. பழைய டிசியில் டிசிடயாக் என்னும் சோதனைக் கருவியை ஓட்டி, பிழை இருந்தால் சரிசெய்த பிறகே தொடங்குங்கள். நோயுள்ள டைரக்டரியைப் பிரதி எடுத்தால் நோயும் வரும்.

சர்வர் மேனேஜரின் முதல் திரையில் மூன்று தேர்வு இருக்கும். நமக்கு வேண்டியது ஆட் எ டொமைன் கண்ட்ரோலர் டு அன் எக்ஸிஸ்டிங் டொமைன். ஆட் எ நியூ ஃபாரஸ்ட் என்பதைத் தேர்ந்து புதியதொரு தனி டைரக்டரியை உருவாக்கிவிட்டு, "யூசர்கள் எவரும் வரவில்லையே" என்று தேடுபவர்கள் உண்டு.

அடுத்த திரையில் டிஎன்எஸ், குளோபல் கேட்டலாக் இரண்டும் டிக் ஆகியிருக்கட்டும். சைட் சரியாக வந்திருக்கிறதா பாருங்கள். ரேக்கைப் பூட்டி வைக்க முடியாத, யார் வேண்டுமானாலும் சர்வரைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கிளையானால் ஆர்ஓடிசி என்னும் படிக்க மட்டுமான டிசியைத் தேர்ந்தெடுங்கள். அதில் செய்யும் தவறு மற்ற டிசிகளுக்குப் பரவாது, இயல்பாகப் பயனாளர் பாஸ்வேர்டுகளும் அதில் சேமிக்கப்படாது.

விண்டோஸின் புதிய பதிப்பை முதன்முறையாகச் சேர்க்கும்போது ஸ்கீமா (டைரக்டரியில் என்னென்ன வகைப் பொருள், பண்பு இருக்கலாம் என்ற வரையறை) நீட்டிக்கப்படும். ஸ்கீமாவில் சேர்த்ததைச் செயலிழக்கச் செய்யலாம், அழிக்க முடியாது. அதனால் அன்று காலை எடுத்த சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் கையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கீமா அட்மின்ஸ் குழுவைக் காலியாக்கிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை இதைச் செய்யாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை செய்தால், தாமதமாகத் தலைகாட்டும் கோளாறுகளைப் பார்க்க வாரம் முழுவதும் ஆள் இருக்கும்.

8. உடனே சரிபார்க்க

ரீஸ்டார்ட் ஆகி அரை மணி நேரம் விடுங்கள். கேசிசி ஓட வேண்டும், சிஸ்வால் வந்து சேர வேண்டும். பிறகு:

"நெட் ஷேர்" என்று அடித்தால் சிஸ்வால், நெட்லாகான் இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிசி இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை.

"ரெப்அட்மின் ஷோரெப்ல்" இரண்டு பக்கத்திலும் ஓட்டுங்கள். அது காட்டுவது உள்வரும் தொடர்பை மட்டுமே. ஒரு பக்கம் மட்டும் பார்த்து நிம்மதி அடைந்தால், மறுபக்கம் வாரக்கணக்கில் நின்றிருப்பது தெரியாது.

திசைக் குழப்பம் இன்னொரு இடத்திலும் வரும். சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் ரெப்ளிகேட் நவ் அழுத்தினால், எந்த சர்வரின் கீழே இருக்கிறீர்களோ அந்த சர்வர் மற்றதிடமிருந்து இழுக்கும். "ரெப்அட்மின் சிங்க்ஆல்" கட்டளையும் இயல்பாக இழுக்கவே செய்யும். தள்ள வேண்டுமென்றால் பெரிய எழுத்து பி சேர்க்க வேண்டும்.

கடைசியாக, ஒரு சோதனைப் பயனாளரைப் புது டிசியில் உருவாக்கிப் பழையதில் வருகிறாரா பாருங்கள். பிறகு பழையதில் அழித்துப் புதியதில் போய்விட்டாரா பாருங்கள். சிஸ்வாலுக்கும் அதேபோல் ஒரு சின்ன உரைக் கோப்பு. டைரக்டரியும் சிஸ்வாலும் தனித்தனி வழியில் பிரதியாகின்றன, ஒன்று நன்றாக இருப்பது மற்றதற்கு உத்தரவாதம் இல்லை.

9. ஸ்நாப்ஷாட்: தெரியாமல் செய்யும் மிகப் பெரிய தவறு

சாதாரண சர்வரில் பேட்ச் போடும் முன் ஸ்நாப்ஷாட் எடுத்து, சரிவராவிட்டால் திரும்பிப் போவது நல்ல பழக்கம். அதே பழக்கத்தை டிசியில் காட்டக் கூடாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள்.

ஒவ்வொரு டிசியும் தன்னிடம் நடக்கும் மாற்றங்களுக்கு வரிசையாக எண் போடுகிறது. அதன் பெயர் யுஎஸ்என். மற்ற டிசிகள் "இவரிடமிருந்து எந்த எண் வரை வாங்கியிருக்கிறேன்" என்று குறித்து வைத்துக்கொள்ளும். உங்கள் டிசி 50,000 வரை போயிருக்கிறது, எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நேற்றைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் எண் 48,000-க்கு இறங்கும். அடுத்து நீங்கள் உருவாக்கும் கணக்கு 48,001. மற்ற டிசிகளோ "50,000 வரை என்னிடம் இருக்கிறதே" என்று அதைக் கேட்கவே மாட்டா. அந்த 2,000 எண்களுக்குள் நடப்பது எதுவும் வெளியே போகாது. பயனாளர் இங்கே இருப்பார், அங்கே இருக்க மாட்டார். பாஸ்வேர்ட் இங்கே புதிது, அங்கே பழையது. அதோடு, ரிட் எண்களும் (புதுக் கணக்குகளுக்குக் கொடுக்கும் வரிசை எண்கள்) பின்னுக்குப் போவதால் ஒரே எஸ்ஐடி (கணக்கின் பாதுகாப்பு அடையாளம்) இரண்டு கணக்குகளுக்கு விழும் ஆபத்தும் உண்டு.

விண்டோஸ் இதைக் கண்டுபிடித்தால் 2095 என்ற நிகழ்வைப் பதிவு செய்து, நெட்லாகானை இடைநிறுத்தி, ரெப்ளிகேஷனை இரு திசையிலும் மூடிவிடும். நின்றதைப் பார்த்து நெட்லாகானைத் தொடக்கி, ரெப்ளிகேஷனை வலிந்து திறந்துவிட்டால் சேதம் பரவும். சரியான வழி: அந்த டிசியை வலுக்கட்டாயமாக இறக்கி, மற்ற டிசியில் அதன் மிச்சங்களைத் துடைத்து, புதிதாக ப்ரமோட் செய்வது.

விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஹைப்பர்வைசரும் அதை ஆதரித்தால், ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பியதை டிசி உணர்ந்து, தன் அடையாளத்தைப் புதுப்பித்து, ரிட் தொகுப்பையும் எறிந்துவிட்டு மீண்டும் கற்றுக்கொள்ளும். ஆனால் இதை நம்பி ஸ்நாப்ஷாட் பயன்படுத்தாதீர்கள். பழைய விஎச்டி கோப்பை அதே மெஷினின் மேல் நகலெடுத்துப் போட்டால் இந்த ஐடி மாறாது, பாதுகாப்பும் வேலை செய்யாது. இன்னும் பிரதியாகாத மாற்றங்கள் எப்படியும் தொலைந்துபோகும்.

விர்ச்சுவலைசேஷன் குழு தனியாக இருந்தால், டிசி மெஷின்களின் பெயரோடு "ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பக் கூடாது" என்று எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். இந்தத் தவறைப் பெரும்பாலும் செய்வது டைரக்டரியைக் கவனிப்பவர் இல்லை, ஸ்டோரேஜைக் கவனிப்பவர்.

10. அணைத்து வைத்த டிசி

டூம்ஸ்டோன் ஆயுள் இங்கே வருகிறது. ஒரு பொருளை அழித்தால், அழிந்தது என்ற அடையாளம் அந்த ஆயுள்வரை டைரக்டரியில் இருக்கும். ரீசைக்கிள் பின் இயங்கினால் முதலில் மீட்கக்கூடிய நிலையில் ஒரு காலம், பிறகு இந்த ஆயுள். அது முடிந்ததும் அடையாளமும் துடைக்கப்படும். அத்தனை நாள் தொடர்பே இல்லாமல் இருந்த டிசி திரும்பி வந்தால், அழிந்த பொருள்கள் அதனிடம் உயிரோடு இருக்கும். அவை அழிந்துவிட்டன என்று சொல்ல யாரிடமும் சான்று இருக்காது. பணியிலிருந்து விலகியவர்களின் கணக்குகள் மீண்டும் உயிர் பெறும்.

பொதுவாக இது நடக்கும் விதம்: தலைமை அலுவலகத்தில் டிசி தயார் செய்து பெட்டியில் கட்டி வைத்திருப்பார்கள், கிளை திறக்கத் தாமதமாகும். அல்லது பழைய டிசியை "தேவைப்பட்டால் பார்ப்போம்" என்று அணைத்து வைத்திருப்பார்கள். காலம் கடந்திருந்தால் 2042 என்ற நிகழ்வும் 8614 பிழையும் வரும். அப்போது டைவர்ஜென்ட் பார்ட்னரோடு ரெப்ளிகேஷனை அனுமதிக்கும் ரெஜிஸ்ட்ரி மதிப்பைத் தேடிப் போகாதீர்கள். அந்த டிசியை நெட்வொர்க்கில் சேர்க்காமலே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ஒரு மணி நேர வேலை.

என் கணக்கில், ஒரு மாதம் தொடர்பு இல்லாமல் போன டிசியையே காப்பாற்ற முயல வேண்டியதில்லை.

11. நாள்தோறும் கை வைக்கும்போது

ஓயுக்களின் பாதுகாப்பு டிக்: ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸில் வியூ மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸை இயக்கினால், ஒவ்வொரு பொருளின் ஆப்ஜெக்ட் தாவலில் தவறுதலாக அழிப்பதிலிருந்து காக்கும் டிக் தெரியும். திரையில் உருவாக்கும் புது ஓயுக்களுக்கு அது தானாக விழும். பழைய காலத்தவை, ஸ்கிரிப்ட் மூலம் வந்தவை பலவற்றில் இருக்காது. பவர்ஷெல்லில் எல்லா ஓயுக்களையும் எடுத்து ஒரே வரியில் டிக் போட்டுவிடலாம்.

எந்த டிசியில் இருக்கிறீர்கள் என்பதை மாற்றம் செய்யும் முன் திரையின் மேல்வரியில் பாருங்கள். குரூப் பாலிசியை எல்லோரும் பிடிசி எமுலேட்டரில் மட்டும் திருத்துங்கள், அந்தக் கருவி இயல்பாகவே அங்கேதான் போகும். இருவர் ஒரே பாலிசியை இரண்டு டிசியில் திருத்தினால், கடைசியாக எழுதியவர் மாற்றமே நிற்கும். முதலாமவரின் வேலை அறிவிப்பில்லாமல் போய்விடும்.

பெரிய மாற்றத்துக்கு முன் ஒரு டிசியின் ரெப்ளிகேஷனை ரெப்அட்மின் ஆப்ஷன்ஸ் மூலம் மூடி வைத்து, சரியாக நடந்ததும் திறப்பது நல்ல உத்தி. திறக்க மறந்தால் 8456, 8457 பிழைகள் வரும். மூடிய நேரத்தையும் திறக்க வேண்டியவர் பெயரையும் மாற்றக் குறிப்பில் எழுதாமல் மூடாதீர்கள்.

12. பழைய டிசியை எடுக்கும்போது

பொறுப்புகளை மாற்றுங்கள். டிஎச்சிபி தரும் டிஎன்எஸ் முகவரிகளை மாற்றுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், விபிஎன் பெட்டி, ஹெச்ஆர் மென்பொருள் இவற்றில் யாராவது எல்டாப் (டைரக்டரியிடம் விவரம் கேட்கும் நெறிமுறை) முகவரியாக அந்த ஐபியை நேரடியாக எழுதியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சர்வரை ஒரு வாரம் அணைத்துப் பார்ப்பது. டூம்ஸ்டோன் ஆயுளுக்கு வெகு உள்ளே இருப்பதால் ஒரு வாரத்தில் ஆபத்து இல்லை. பிறகு மீண்டும் இயக்கி, ரெப்ளிகேஷன் ஆகவிட்டு, முறைப்படி சர்வர் மேனேஜர் வழியாக இறக்குங்கள்.

இறக்கும்போது வரும் லாஸ்ட் டொமைன் கண்ட்ரோலர் இன் தி டொமைன் என்ற டிக்கைத் தொடாதீர்கள். அதற்கு அர்த்தம் டொமைனையே கலைப்பது. அதேபோல், டிசியின் கணினிப் பொருளை அழிக்கப் போனால், இது நிரந்தரமாகப் போய்விட்டது என்று உறுதி கேட்கும். உயிரோடு இருக்கும் டிசிக்கு அந்த டிக்கைப் போட்டால் டைரக்டரியில் அந்த டிசியைப் பற்றிய பதிவுகள் முழுவதும் துடைக்கப்படும்.

உண்மையிலேயே செத்துப்போன டிசியிடமிருந்து ஃபிஸ்மோ பொறுப்பைப் பறித்தால், அந்த டிசியை மறுபடி நெட்வொர்க்கில் இணைக்கவே கூடாது. குறிப்பாக ரிட், ஸ்கீமா, நேமிங் மூன்றும் பறிக்கப்பட்டிருந்தால். டிஸ்க்கைத் துடைத்துவிடுங்கள்.

13. காலையில் ஐந்து நிமிடம்

"ரெப்அட்மின் ரெப்ல்சம்மரி" ஓட்டினால் ஒவ்வொரு டிசிக்கும் லார்ஜஸ்ட் டெல்டா என்ற நேரமும் தோல்வி எண்ணிக்கையும் வரும். 15 நிமிட இடைவெளி வைத்திருக்கும் இடத்தில் டெல்டா ஒரு மணியைத் தாண்டினால் பாருங்கள், ஒரு நாளைத் தாண்டினால் வேறு வேலையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இதை ஒரு திட்டமிட்ட பணியாக்கி மின்னஞ்சலில் வரச் செய்யலாம். அஞ்சல் வராத நாளும் ஒரு எச்சரிக்கையே.

நிகழ்வு எண்களில் கண்காணிக்க வேண்டியவை: 1311 சைட் அமைப்பில் கோளாறு, 1864 நீண்ட நாளாக ரெப்ளிகேஷன் இல்லை, 1988 அழிந்த பொருள் ஒன்று திரும்பி வர முயன்றது, 2042 டூம்ஸ்டோன் ஆயுளைத் தாண்டி ரெப்ளிகேஷன் இல்லை, 2087 டிஎன்எஸ் தேடல் தோல்வி, 2095 யுஎஸ்என் பின்னுக்குப் போயிற்று. சிஸ்வாலுக்கு டிஎஃப்எஸ்ஆர் லாகில் 2213, 4012. இவற்றில் 2213 மின்வெட்டில் சர்வர் சடாரென்று அணைந்தபின் வரக்கூடியது. யாரும் கவனிக்காமல் 60 நாள் விட்டால் அது 4012 ஆகிவிடும், அதன்பின் அந்த டிசி சிஸ்வாலைப் பிரதி எடுக்கவே எடுக்காது. 2213 பதிவிலேயே அதைத் தொடரச் செய்யும் கட்டளை எழுதப்பட்டிருக்கும். சிஸ்வாலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதை அப்படியே ஓட்டுங்கள். மின்சாரம் நிலையில்லாத கிளையில், யுபிஎஸ்ஸிலிருந்து சர்வரைத் தானாக ஒழுங்காக அணைக்கும் கேபிளையும் மென்பொருளையும் டிசி வைக்கும் அன்றே பொருத்திவிடுங்கள்.